போல்ட்டுகள் எல்லாம் கழன்ற பின்னும் தட்டு ஏன் விழவில்லை?



கார் பழுது பார்க்கும் பட்டறைக்குச் சென்றால் சில சமயம் ஒரு வேடிக்கையைக் காணலாம். காரின் அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் எஞ்சினின் அடிப்பாகத்திலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்ற முயன்று கொண்டிருப்பார். அதைத் தாங்கி நின்ற இருபதுக்கும் மேற்பட்ட போல்ட்டுகள் எல்லாம் கழற்றப்பட்டு ஒரு கிண்ணத்தில் கிடக்கும். ஆனாலும் தட்டு விழாது, இழுத்தாலும் அசையாது. நான்கு கிலோகிராம் எடையுள்ள தட்டு, பிடிமானம் ஏதுமின்றி அந்தரத்தில் நிற்பது போலத் தோன்றும்.

அதை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? எப்படி விடுவிப்பது? இந்தக் கேள்விகளுக்கான விடைகள் எல்லாம் உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

தட்டின் வேலை

எஞ்சின் ஓடும்போது கிராங்க் ஷாஃப்ட்டும் பிஸ்டன்களும் இடைவிடாது உராய்கின்றன. உராய்வைக் குறைக்க அவற்றுக்கு எண்ணெய் வேண்டும். வேலை முடித்து வழிந்து இறங்கும் எண்ணெய் அடித்தட்டில் சேர்கிறது. அங்கிருந்து ஒரு பம்ப் அதை உறிஞ்சி மீண்டும் மேலே அனுப்புகிறது. சாதாரணக் கார் ஒன்றில் இப்படி நான்கு லிட்டர் அளவு எண்ணெய் சுற்றிச் சுற்றி வருகிறது. பட்டறையில் இத்தட்டை ‘ஆயில் சம்ப்’ என்றும் ‘ஆயில் சேம்பர்’ என்றும் சொல்வார்கள்.

தட்டின் விளிம்பு வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் நாளடைவில் அளவு குறையும். எண்ணெய் போதாமல் சில நிமிடங்கள் ஓடினாலே எஞ்சினின் பேரிங்குகள் சூடேறிக் கெட்டுவிடும். எனவே தட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இணைப்பு மிக இறுக்கமாக இருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற பழைய கார்களில் அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டால் ஆன தட்டும், இடையே தக்கையால் ஆன ‘பேக்கிங்’கும் இருந்தன. இன்றைய கார்கள் பலவற்றில் வார்ப்பு அலுமினியத் தட்டும், பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிகான் பசையும் இருக்கின்றன. பசையாகப் பூசப்படும் இந்தச் சிலிகான், காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று ரப்பர் போல இறுகிவிடுகிறது. கசிவைத் தடுப்பதில் அது எவ்வளவு கெட்டியோ, கழற்றும்போதும் அவ்வளவு கெட்டி!

பிடித்திருப்பது காற்றா?

‘தட்டினுள் வெற்றிடம் ஏற்பட்டிருக்கலாம், வளிமண்டல அழுத்தம் தட்டைக் கீழிருந்து மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கலாம்’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆட்டோ வான் கெரிக் இரண்டு அரைக்கோளங்களைக் கொண்டு செய்து காட்டிய மாக்டபர்க் சோதனை உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். நல்ல ஊகம்தான். ஆனால் இங்கு அது பொருந்தாது. எண்ணெயை வடிப்பதற்காகத் தட்டின் அடியிலுள்ள மரை மூடி திறக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் வாயையும் திறந்து வைக்கலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்றழுத்தம்தான். அப்போதும் தட்டு விழுவதில்லை.

ஆகவே பிடித்திருப்பது பசைதான். பசையின் மூலக்கூறுகளுக்கும் உலோகப் பரப்புக்கும் இடையே உள்ள கவர்ச்சி வேறினக் கவர்ச்சி. பசையின் மூலக்கூறுகளைத் தமக்குள் சேர்த்துப் பிடித்திருப்பது ஓரினக் கவர்ச்சி. இவ்விரண்டும் சேர்ந்து எவ்வளவு வலிமை தருகின்றன என்று பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

தட்டின் விளிம்பின் சுற்றளவு 120 செ.மீ. என்றும், நசுங்கிப் பரவிய பசைக் கோட்டின் அகலம் அரை செ.மீ. என்றும் கொள்வோம். ஒட்டியுள்ள பரப்பு 60 சதுர செ.மீ. இறுகிய சிலிகானைப் பிரிக்கச் சதுர செ.மீ. ஒன்றுக்கு 100 நியூட்டன் விசை தேவை என்று கொண்டால், அது மிகையான மதிப்பு அன்று. அப்படியானால் தட்டு முழுவதையும் ஒரே சமயத்தில் நேர்கீழாக இழுத்துப் பிரிக்க,

60 × 100 = 6,000 நியூட்டன்

விசை வேண்டும். இது ஏறத்தாழ 600 கிலோகிராம் பொருளின் எடை. பழைய மாருதி 800 கார் ஒன்றின் எடையே சுமார் 650 கிலோகிராம்தான்! தட்டின் சொந்த எடையோ 40 நியூட்டன். அது தானாக விழும் என்று எதிர்பார்ப்பது வீண் என்பது இப்போது புரிகிறதல்லவா?

இழுப்பதா, உரிப்பதா?

ஆனால் மெக்கானிக் 6,000 நியூட்டன் விசையோடு போராடுவதில்லை. காரணத்தை நீங்களே ஒரு சோதனையால் அறியலாம். நான்கு அங்குல நீளமுள்ள செல்லோடேப்பின் பாதி நீளத்தை ஓர் எவர்சில்வர் தட்டின் மீது நன்றாக ஒட்டுங்கள். மறுபாதியைப் பிடித்து, தட்டின் பரப்புக்கு இணையாக இழுத்துப் பாருங்கள். எளிதில் வராது. இப்போது மறுபாதியை மேல்நோக்கித் தூக்கி மெல்ல உரியுங்கள். சுலபமாக வந்துவிடும்.

அதே நாடா, அதே பசை, அதே தட்டு. என்ன மாறியது? முதலில் ஒட்டிய பரப்பின் பெரும் பகுதி சேர்ந்து எதிர்த்தது. இரண்டாவதில், எந்தக் கணத்திலும் உரியும் விளிம்பிலுள்ள ஒரு மெல்லிய கோடு மட்டுமே எதிர்த்தது. அந்தக் கோடு பிரிந்ததும் அடுத்த கோடு. படை முழுவதையும் ஒரே நேரத்தில் எதிர்க்காமல் வீரர்களை ஒவ்வொருவராக வெல்வது போன்றது இது.

எண்ணெய்த் தட்டிலும் இதே கதைதான். ஒரு மூலையில் ஒரு சதுர செ.மீ. பரப்பை மட்டும் பிரிக்க நமது கணக்கின்படி 100 நியூட்டன் போதும். அங்கே ஒரு பிளவு விழுந்துவிட்டால், அடுத்து வரும் விசை பிளவின் நுனியிலேயே குவியும்; பிளவு வளரும். கழலாத தட்டைக் கழற்றும் கலை என்பது முதல் பிளவை எங்கே, எப்படித் தொடங்குவது என்பதுதான்.

ஸ்க்ரூ டிரைவர் செய்யும் கேடு

‘அப்படியானால் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் என்ன?’ என்று கேட்பீர்கள். அவசரக்காரர்கள் செய்வதும் இதைத்தான். ஸ்க்ரூ டிரைவர் இங்கே ஒரு நெம்புகோல். ஆதாரப் புள்ளியிலிருந்து கைப்பிடி 20 செ.மீ. தொலைவிலும் நுனி 1 செ.மீ. தொலைவிலும் இருந்தால் எந்திர இலாபம் 20. கையால் 100 நியூட்டன் விசை கொடுத்தால் நுனியில் 2,000 நியூட்டன் கிடைக்கும்.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த விசை எவ்வளவு பரப்பில் விழுகிறது என்று பாருங்கள். நுனி தொடும் பரப்பு 5 சதுர மி.மீ. என்றால் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 400 நியூட்டன். வார்ப்பு அலுமினியம் இதில் பாதியளவு அழுத்தத்திலேயே நிரந்தரமாகச் சிதைந்துவிடும். பசை பிரியலாம், கூடவே எஞ்சினின் அடிப்பரப்பில் ஒரு பள்ளமும் விழும். இரும்புத் தகட்டுத் தட்டாக இருந்தால் விளிம்பு வளைந்துவிடும். அந்தப் பள்ளத்தின் வழியே நாளை எண்ணெய் கசியும். கசிவை நிறுத்தவே தட்டைக் கழற்றினோம் என்றால், இது நோயைத் தீர்க்கப் போய் நோயை வளர்த்த கதை.

அனுபவசாலியின் வழி

முதல் வேலை தட்டைத் தொடுவதன்று, உயிரைக் காப்பது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் நுழையக் கூடாது. சமதளத்தில் உறுதியான தாங்கிகளின் மீது காரை நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த பிறகே மெக்கானிக் உள்ளே செல்கிறார்.

அடுத்து எண்ணெயை வடிப்பார். 40 பாகை செல்சியஸில் எண்ணெய்க்கு இருக்கும் பாகுநிலை, 100 பாகையில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே எஞ்சினைச் சிறிது ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கினால் விரைவில் வடியும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். பசையை இளக்கத் தீச்சுடரைக் காட்டுவதோ பெரும் ஆபத்து. எண்ணெய் ஆவி தீப்பற்றும்.

பிறகு போல்ட்டுகளைக் கழற்றி எண்ணுவார். அழுக்கு மூடிய ஒரு மூலையிலோ, கியர் பெட்டியின் ஓரத்திலோ ஒரு போல்ட் ஒளிந்திருப்பது வழக்கம். அது இருக்கும்வரை எந்த உபாயமும் பலிக்காது. எதிரெதிர் முனைகளில் இரண்டு போல்ட்டுகளை மட்டும் சில மரைகள் பிடித்திருக்குமாறு விட்டுவைப்பார். தட்டு திடீரென விடுபட்டாலும் முகத்தில் விழாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இப்போது மெல்லிய, அகலமான தகட்டுக் கத்தி ஒன்றை மூலையில் வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டுவார். இது நெம்புகோல் அன்று, ஆப்பு. பசையை வெட்டிக்கொண்டே செல்லும்; உலோகத்தை அழுத்துவதில்லை. பின்பு தட்டின் மூலையில் ஒரு மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டுவார். 500 கிராம் சுத்தி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து 0.004 நொடியில் நின்றால், அது தரும் சராசரி விசை 500 நியூட்டன். மல்லாந்து படுத்திருப்பவர் கையால் இவ்வளவு விசையைத் தருவது கடினம். உந்தம் குறுகிய நேரத்தில் மாறுவதால் சுத்தி அதை எளிதில் தருகிறது.

சில தட்டுகளில் வடிவமைத்தவர்களே வழி வைத்திருக்கிறார்கள். விளிம்பில் மரையிட்ட வெற்றுத் துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டைத் திருகினால் அதன் நுனி எஞ்சினைத் தள்ள, தட்டு கீழிறங்கும். மரை என்பது சுற்றப்பட்ட சாய்தளம் அல்லவா? ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேறும் போல்ட்டை 10 செ.மீ. ஸ்பானரால் திருப்பினால் எந்திர இலாபம் 628. உராய்வில் பத்தில் ஒன்பது பங்கு வீணானாலும், கையின் 50 நியூட்டன் 3,000 நியூட்டனுக்கு மேலாகிவிடும். எல்லாத் துளைகளிலும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருகினால் விளிம்பு கோணாது.

பசை விட்ட பின்னும் தட்டு வராமலிருந்தால் அது பிடிவாதம் அன்று, இட நெருக்கடி. பம்ப்பின் உறிஞ்சு குழாயிலோ கிராங்க் ஷாஃப்ட்டின் எடைக்கட்டியிலோ தட்டு மாட்டியிருக்கும். ஷாஃப்ட்டைச் சற்றே திருப்பி, தட்டைச் சாய்த்தால் வெளிவரும். சில கார்களில் எஞ்சினையே சிறிது உயர்த்த வேண்டியிருக்கும்.

மீண்டும் பொருத்தும்போது

பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் பசையின் மூலக்கூறுகள் உலோகத்தை நெருங்கவே முடியாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் மாறி மாறி, குறிப்பிட்ட அளவுக்கே இறுக்க வேண்டும். மிகுதியாக இறுக்கினால் தகட்டு விளிம்பு போல்ட்டுகளுக்கிடையே வளைந்து கசியும். பசை நன்றாக இறுக ஒரு நாள் வரை கூட ஆகலாம்; எண்ணெய் ஊற்ற அதுவரை பொறுத்திருப்பது நல்லது.

நண்பர்களே, பட்டறையில் வேலை செய்பவர் அழுத்தம் என்றும் உந்தம் என்றும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் எவ்வளவு விசை என்பதைவிட, அது எங்கே, எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம் செயல்படுகிறது என்பதே முக்கியம் என்று அவருடைய கைகளுக்குத் தெரியும். அடுத்த முறை இறுகிப்போன ஊறுகாய்ப் பாட்டில் மூடியோ, திறக்க மறுக்கும் டின்னோ உங்கள் கைக்கு வந்தால், பலத்தைக் காட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்: முதல் பிளவை எங்கே தொடங்கலாம்?