பிரேக் பேட்டைக் காக்கும் இழைகள்

பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விலை?" என்பதுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

உராய்வுத் துகள்கள், கிராஃபைட், நிரப்புப் பொருள்கள், இவற்றை ஒட்டவைக்கும் பிசின், வலுவூட்டும் இழைகள் எல்லாவற்றையும் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கியே பேட் செய்யப்படுகிறது. சிமெண்டுத் தூணுக்குக் கம்பி எப்படியோ, பேட்டுக்கு இழை அப்படி.

பேட்டின் முகம் முழுவதும் டிஸ்க்கைத் தொடுவதில்லை. எளிதில் தேயாத இழைகள் சிறு மேடுகளாக நிற்கின்றன. தேய்ந்த தூள் அவற்றைச் சுற்றிப் படிந்து இறுகுகிறது. இந்தத் திட்டுகள்தான் டிஸ்க்கைப் பிடிக்கின்றன.

கெந்திங், கேமரன் மலைப்பாதைகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் கடுமையாகச் சூடேறும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசைத் தாண்டும்போது பிசின் சிதையத் தொடங்குகிறது, உராய்வு குறைகிறது. அந்த நேரத்தில் பேட் பொடிந்து போகாமல் காப்பவை இழைகளே.

முன்பு இதற்குக் கல்நார் பயன்பட்டது. மலிவானது, சூட்டைத் தாங்கும். ஆனால் அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்பதால் பல நாடுகள் அதைத் தடை செய்தன. மாற்றாக வந்த எஃகு இழை சூட்டைத் தாங்கினாலும் துருப்பிடிக்கும்; டிஸ்க்கையும் தேய்க்கும். கெவ்லார் போன்ற அராமிட் இழை பேட்டின் தேய்மானத்தைக் குறைக்கும். மிகக் கடும் சூட்டில் சிதைந்துவிடும். பீங்கான் இழை சூட்டுக்கு அசையாது. அளவு மிஞ்சினால் டிஸ்க்கை அராவும். அதனால்தான் இரண்டு மூன்று வகைகளை அளவாகக் கலக்கிறார்கள். இழை கூடினால் பிடிப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம். கலவை சீராக அமையாமல் போகும்.

பல பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலை உராய்வையும், இரண்டாவது சூடான நிலை உராய்வையும் குறிக்கும். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. 'எஃப் இ' என்றிருந்தால், சூட்டில் பிடிப்பு குறையும் என்று பொருள். அடுத்த முறை விலையோடு இந்த எழுத்துகளையும் கேளுங்கள்.

எவ்வளவு நல்ல இழைக்கும் ஓர் எல்லை உண்டு. மலையிறங்கும்போது கியரைக் குறைத்து, பிரேக்குக்கு ஓய்வு கொடுங்கள்.