ஆங்கில நிகழ்காலமும் நம் ஊர்த் தறியும்

“என் தந்தை பட்டு நெய்கிறார்” என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? “மை ஃபாதர் வீவ்ஸ் சில்க்” என்பதா? “மை ஃபாதர் இஸ் வீவிங் சில்க்” என்பதா? இரண்டும் பிழையற்றவையே, ஆனால் பொருள் வேறு. முன்னது அவருடைய தொழிலைக் கூறும். பின்னது அவர் இந்நேரம் தறியில் அமர்ந்திருப்பதைக் கூறும். “நெய்கிறார்” என்னும் நம் சொல் இவ்விரண்டு வேலைகளையும் செய்வதால்தான் நமக்குக் குழப்பம் நேர்கிறது.

இதைத் தீர்க்கத் தமிழிலக்கணமே வழிகாட்டுகிறது. முக்காலத்திலும் மாறாது நிகழ்வனவற்றைச் “செய்யும்” என்னும் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்றார் தொல்காப்பியர். தீ சுடும், செய்யாறு பாலாற்றில் கலக்கும். இத்தகைய உண்மைகளுக்கும் அன்றாட வழக்கங்களுக்கும் உரியதே ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலம்: “தி செய்யாறு ஜாய்ன்ஸ் தி பாலாறு.”

ஆகவே எழுதுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். “நாள்தோறும் நெய்வார்” என்று மாற்றினால் பொருள் பொருந்துகிறதா? “வீவ்ஸ்” என எழுதுக. “நெய்துகொண்டிருக்கிறார்” என்பது பொருந்துகிறதா? “இஸ் வீவிங்” என எழுதுக.

இன்னும் இரு வகைகள் உண்டு. “ஹி ஹேஸ் வோவன் டூ சாரீஸ்” என்றால் இரண்டு சேலைகளை நெய்து முடித்திருக்கிறார். செயல் முடிந்தது, அதன் பயன் இன்று கண்முன் இருக்கிறது. “ஹி ஹேஸ் பீன் வீவிங் சின்ஸ் மார்னிங்” என்றால் காலையில் தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறது. “காலையிலிருந்து நெய்கிறார்” என்னும் தமிழைப் பார்த்து “ஹி இஸ் வீவிங் சின்ஸ் மார்னிங்” என எழுதுவது பிழை. தொடங்கிய நேரத்தைக் குறித்தால் “சின்ஸ்”; மூன்று மணி நேரம் என அளவைக் குறித்தால் “ஃபார்”.

மூன்று எச்சரிக்கைகளை நினைவிற் கொள்க. முதலாவது, அவன், அவள், அது என்னும் படர்க்கை ஒருமைக்குச் சாதாரண நிகழ்கால வினையின் இறுதியில் “எஸ்” வேண்டும். நெய்கிறேன், நெய்கிறாய், நெய்கிறாள் எனத் தமிழ்வினை எல்லா இடத்திலும் மாறும். ஆங்கில வினையோ பெரும்பாலும் இங்கு மட்டுமே மாறும். இரண்டாவது, “டஸ்” வந்துவிட்டால் வினைக்கு மீண்டும் “எஸ்” வேண்டாம்: “ஹி டஸ் நாட் வீவ் காட்டன்.” மூன்றாவது, அறிதல், உடைமை போன்ற நிலைகளைக் கூறும் வினைகளுக்கு “இங்” சேர்ப்பதில்லை. “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” அன்று. “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்” என்பதே சரி.

இது மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்பதன்று. நாளை வேலைக்கான நேர்முகத் தேர்வில் “வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?” என்று கேட்பார்கள். அது தொழிலைப் பற்றிய வினா. “ஹி இஸ் வீவிங்” என்றால், இப்போது ஏதோ நெய்துகொண்டிருக்கிறார் என்ற அளவில் நின்றுவிடும். “ஹி வீவ்ஸ் சில்க் சாரீஸ்” என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அவர் கற்றுத் தேர்ந்த தொழில் அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருக்கிறது.

இன்றிரவே வீட்டில் நடப்பனவற்றைப் பார்த்து, வகைக்கு ஒன்றாக நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள். ஒரு மாதம் விடாது எழுதினால் நிகழ்காலம் உங்கள் கைவசமாகும்.