மதுப்புட்டியில் காந்தி, பேருந்தில் பெரியார்

மக்கள் முன்பே மதித்துவரும் ஒருவரின் முகத்தையோ பெயரையோ ஒரு பொருளின் அருகில் வைத்து, அவர் மீதுள்ள மதிப்பைப் பொருளின் மீதும் படியச் செய்வது விளம்பரத் தொழிலின் பழைய வழிகளுள் ஒன்று. நடிகரையோ விளையாட்டு வீரரையோ இவ்வாறு பயன்படுத்த அவருடைய ஒப்புதலும் ஊதியமும் வேண்டும். மறைந்த அரசியல் தலைவரிடம் ஒப்புதல் கேட்க இயலாது, ஊதியம் பெறவும் மறுத்துரைக்கவும் அவர் இல்லை. வாழ்ந்த காலத்திலேயே கவிஞர் தாகூர் கோத்ரெஜ் சோப்புக்கு நற்சான்று தந்தபோது சுதேசித் தொழில் வளரவேண்டும் என்ற எண்ணமும் அதில் சேர்ந்திருந்தது. 1997இல் பீட்சா விளம்பரம் ஒன்றில் தோன்றிய சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சேவ், சரியோ தவறோ, தாமே முடிவெடுத்துத் தோன்றினார். மறைந்தவர்களின் நிலை வேறு.

இந்தியாவில் இதற்கென ஒரு சட்டம் உண்டு. சின்னங்களும் பெயர்களும் முறைகேடாகப் பயன்படுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சத்ரபதி சிவாஜி, மகாத்மா காந்தி, ஜவாஹர்லால் நேரு, இந்திரா காந்தி ஆகியோரின் பெயர்களும் உருவங்களும் இடம்பெற்றுள்ளன. மைய அரசின் முன்னனுமதி இல்லாமல் எந்த வணிகத்துக்கும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. மோன்பிளாங்க் என்னும் பேனா நிறுவனம் 2009இல் காந்தி பிறந்தநாளையொட்டி, தண்டி யாத்திரையின் 241 மைல்களைக் குறிக்கும் வகையில் 241 பேனாக்களைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் 11 லட்சம் ரூபாய்க்கு மேல் விலை வைத்தபோது, கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, அடுத்த ஆண்டு இந்தியாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஏழையின் உப்புக்கு வரி கூடாது என்று நடந்தவரின் நடை, தங்க முள் பொருத்திய பேனாவின் எண்ணிக்கையாகச் சுருங்கியது. இச்சட்டத்தை மீறினால் 500 ரூபாய் வரை அபராதம் என்று 1950இல் வைத்த தொகை, அந்தப் பேனாவின் விலைக்கு முன் எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு: தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் கொண்ட, சரக்குகளை விளம்பரப்படுத்தாத காலண்டரில் இத்தலைவர்களின் படம் வரலாம். கடைப்பெயரும் சரக்கு விவரமும் பெரிதாக அச்சிட்டு, தை மாதத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு வழங்கும் தமிழ்நாட்டுக் கடைத்தெரு வழக்கம், நேருவின் படமோ காந்தியின் படமோ அதில் இருந்தால், இந்த விலக்குக்குள் அடங்காது. பெரியார், காமராஜர், அண்ணா ஆகியோரின் பெயர்களோ பட்டியலிலேயே இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது மதுவோடு காந்தியைச் சேர்ப்பது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பீர் ஆலை ஒன்று 'காந்தி பாட்' என்ற பெயரில் பீர் விற்று 2015இல் வருத்தம் தெரிவித்தது. 2019இல் இஸ்ரேல் நிறுவனம் ஒன்று அந்நாட்டுத் தலைவர்களோடு காந்தியின் படத்தையும் பீர்ப் புட்டிகளில் அச்சிட, மாநிலங்களவையில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் மன்னிப்புக் கேட்டது. தொலைநாட்டு ஆலைகளுக்கு அது ஒரு வேடிக்கைப் படமாக இருந்திருக்கலாம். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அது வேடிக்கையாகாது. காந்தியின் மதுவிலக்குக் கொள்கையை ஏற்ற ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று அதை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, கல்வராயன் மலைத்தொடர் பரவியிருக்கும் சேலம் மாவட்டத்தில். அதே மலையின் கிழக்கே, கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், 2024 ஜூன் மாதம் மெத்தனால் என்னும் நச்சு எரிசாராயம் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கணவரையும் தந்தையரையும் சாராயத்துக்குப் பறிகொடுத்த தெருவில் நின்று பார்த்தால், புட்டியின் மேல் காந்தியின் முகம் அவர் வாழ்ந்த வாழ்க்கையையே மறுப்பதாகத் தெரியும்.

மறைந்தவரின் பெயர் யாருக்கு உரியது என்ற கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் 'தலைவி' திரைப்படம் பற்றிய வழக்கில் விடையளித்தது: ஒருவர் ஈட்டிய நற்பெயர் அவரோடு முடிகிறது, அசையும் சொத்து, அசையாச் சொத்துப் போல வாரிசுக்கு இறங்குவதில்லை. இந்த நிலையில் 1950ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெறாத தலைவரின் முகத்துக்குக் காவல் மிகக் குறைவு; குடும்பத்தினருக்கு உரிமையும் இல்லை, பட்டியலின் காவலும் இல்லை.

மறைந்த தலைவர்களின் பெயரை இப்படிப் பயன்படுத்தியவர்கள் வணிகர்கள் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. அரசுப் பேருந்துக் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயரைச் சூட்டிய காலத்தில், கல்வராயன் மலைக்கு மேற்கே ஆத்தூர்ப் பக்கம் அண்ணா போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளும், கிழக்கே கள்ளக்குறிச்சியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளும் ஓடின. அண்ணாவும் பெரியாரும் வண்டியின் பக்கவாட்டில் எழுத்துகளாக நாள்தோறும் ஊர் ஊராகச் சென்றார்கள். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டமும் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று பெயர் பெற்றது; 1952 தேர்தலில் 19 இடங்களை வென்ற உழைப்பாளர் கட்சியின் நிறுவனர் அவர். மரியாதைக்காகத் தொடங்கிய இவ்வழக்கம், பெயரைச் சாதியின் உடைமையாக ஒவ்வொரு தரப்பும் கருதத் தொடங்கியதும் முறிந்தது. 1997இல் விருதுநகரில் கட்டபொம்மனின் படைத்தளபதியான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் கழகம் தொடங்கப்பட்டபோது, தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் என்பதால் அவருடைய பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் மறுத்ததும், அதைத் தொடர்ந்து எழுந்த சாதி மோதல்களும், மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கும் அளவுக்குச் சென்றன. சுந்தரலிங்கத்தை ஏற்க மறுத்த சாதி வெறிக்கு, சாதியை எதிர்த்தே வாழ்ந்த பெரியாரின் பெயரும் பலியானது. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்துகளின் பக்கவாட்டில் இன்று எழுதியிருப்பது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் மட்டுமே.