குழல் தடிச்சா குறி தப்பாதா?

போன என்.சி.சி. முகாமில் பாயின்ட் 22 ரைஃபிளால், படுத்தபடி 25 மீட்டர் இலக்கில் ஐந்து ரவுண்டு சுட்டேன். ஐந்தும் ஐந்து மூலைக்குப் போச்சு. அணியில் இடம் கிடைக்கலை. "குழல் ஒல்லியா இருக்கு உஸ்தாத், அதான்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். ரோஷத்தோடு சயின்ஸ் சாரிடம் கேட்டேன்.

சோழவந்தான் தோப்பில் தேங்காய் பறிக்கிற மூங்கில் தொரட்டியைப் பார்த்திருப்பீர்கள். நீளம் கூடக்கூட நுனி ஆடும். சுடும்போது குழலும் கண்ணுக்குத் தெரியாமல் இப்படி அதிருமாம். தோட்டா வெளியேறும் நொடியில் குழல்வாய் எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கம் போகும்.

சார் கணக்கே போட்டார். பாயின்ட் 22 குழலின் தடிமனை 16 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ. ஆக்கினால் எடை சுமார் 1.6 மடங்கு, விறைப்போ சுமார் 2.5 மடங்கு! அதே தடிமனில் நீளத்தைப் பாதியாக்கினால் விறைப்பு 8 மடங்கு.

அப்போ தடியாவே செய்யலாமே? சுமக்கணுமே! 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. (சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது இதில்தான்.) நடந்தே சுமக்கும் சிப்பாய்க்கு ஒல்லிக் குழல்தான் தோது, ஆனா தொடர்ந்து சுட்டால் சீக்கிரம் சூடேறி குறி விலகலாம். அதனால் பல குழல்கள் மூங்கில் மாதிரியே அடி தடித்து, நுனி மெலிந்திருக்கும்.

கடைசியா சார் சொன்னது: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால், ஒல்லிக் குழலும் ஒரே இடத்தில்தான் சுடும். ஐந்து ரவுண்டில் அது பெரிசா சூடாகவும் செய்யாது. மிச்சம் இருந்தது ட்ரிகரை வெடுக்குன்னு இழுத்த என் விரல்தான். உஸ்தாத் சிரித்தது அதுக்குத்தான்!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்