மண்டையோட்டை அளந்து அறிவை எடைபோட முடியுமா? புனே மானுடவியலாளர் ஐராவதி கார்வே கண்ட விடை

புனே: மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவரின் அறிவையும் குணத்தையும் கணித்துவிடலாம் எனக் கூறிய ‘ஃபிரினாலஜி’ என்ற கபாலவியல், 19-ஆம் நூற்றாண்டில் அறிவியலாகவே மதிக்கப்பட்டது. இன்று அது போலி அறிவியலுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. எனினும், தலையின் வடிவத்தைக் கொண்டு மனிதர்களைத் தரம் பிரிக்கும் எண்ணம் அதனுடன் மறைந்துவிடவில்லை. அந்த எண்ணத்தை பெர்லின் ஆய்வுக்கூடத்திலேயே தமது அளவீடுகளால் மறுத்தவர் புனேயின் ஐராவதி கார்வே.

கபாலவியல் என்றால் என்ன?

ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் பணியாற்றிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஜோசஃப் கால் (1758-1828) இக்கோட்பாட்டை வகுத்தார். மூளை என்பது 27 தனித்தனி உறுப்புகளின் தொகுப்பு. ஒவ்வொன்றும் ஒரு குணத்துக்கு உரியது. எந்தக் குணம் மிகுகிறதோ அந்த உறுப்பு பருத்து, அதற்கு மேலுள்ள எலும்பையும் புடைக்கச் செய்யும் என்பது அவரது வாதம்.

நம் நாட்டில் மண்டையோட்டு எலும்புகள் இணையும் கோணல் கோடுகளைப் பிரம்மன் எழுதிய தலையெழுத்து என்று நம்பியவர்கள் உண்டு. கபாலவியலாளர்கள் அதே எலும்பில் எழுத்துக்குப் பதிலாக மேடுகளைப் படித்தனர். அதை அறிவியல் என்றும் அழைத்தனர்.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

1825-இல் கொல்கத்தாவில் கபாலவியல் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1833-இல், சாகரில் தூக்கிலிடப்பட்ட ‘தக்கி’ கொள்ளையர்கள் ஏழு பேரின் மண்டையோடுகளை ஹென்றி ஸ்பிரை என்ற ஆங்கிலேய மருத்துவர் எடின்பரோவில் இருந்த கபாலவியல் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கு நடந்தது கவனிக்கத்தக்கது. கொலைகாரர்களுக்கு ‘அழிக்கும் குணத்துக்குரிய உறுப்பு’ பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது எவருக்கும் மேலோங்கி இருக்கவில்லை. கோட்பாடு தவறு என்று முடிவு செய்வதற்குப் பதிலாக, பொருளாசைக்குரிய உறுப்பு பெரிது, இரக்கத்துக்குரிய உறுப்பு சிறிது என்று வேறு விளக்கம் தரப்பட்டது.

ஏன் போலி அறிவியல்?

முதன்மையான காரணம் இந்த நிகழ்விலேயே இருக்கிறது. எந்த முடிவு வந்தாலும் அதற்கேற்ப விளக்கத்தை மாற்றிக்கொள்ளும் கோட்பாட்டைச் சோதித்துப் பொய்ப்பிக்க இயலாது. சோதிக்க இயலாதது அறிவியலாகாது.

இரண்டாவதாக, மண்டையோட்டின் வெளிப்புறம் மூளையின் வடிவத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. எலும்பின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுபடும். நெற்றி எலும்புக்குள் காற்றறைகளும் உள்ளன.

சோதனைகளும் கைகொடுக்கவில்லை. 1820-களில் பிரெஞ்சு உடலியலாளர் பியர் ஃபுளூரான்ஸ் விலங்குகளின் மூளையில் நடத்திய ஆய்வுகள் காலின் கூற்றுக்கு எதிராக அமைந்தன. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,700-க்கும் மேற்பட்டோரின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு தலை மேடுகளைக் குணங்களுடன் ஒப்பிட்டனர். கபாலவியலுக்கு ஆதரவான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை.

மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு பணிகள் உண்டு என்ற காலின் பொதுக் கருத்து மட்டும் பிற்காலத்தில் வேறு வழியில் உறுதியானது. 1861-இல் பால் புரோகா, பேச்சுடன் தொடர்புடைய மூளைப் பகுதியை நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தே கண்டறிந்தார். மேடுகளைத் தடவி அல்ல.

பெர்லினில் ஐராவதி கார்வே

கபாலவியல் செல்வாக்கு இழந்த பிறகு, மண்டையோட்டைக் கருவிகளால் அளந்து இனங்களை வரிசைப்படுத்தும் போக்கு வலுப்பெற்றது. அளவீடு துல்லியமானது, முடிவோ பெரும்பாலும் முன்கூட்டியே எழுதப்பட்டது.

1905-இல் பர்மாவில் பிறந்து, ஐராவதி ஆற்றின் பெயரைப் பெற்ற கார்வே, புனே ஃபெர்குசன் கல்லூரியில் தத்துவம் பயின்றவர். 1920-களின் இறுதியில் பெர்லின் சென்று, கெய்சர் வில்ஹெல்ம் மானுடவியல் நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டார். அதன் இயக்குநர் ஆய்கன் ஃபிஷர், இன மேம்பாட்டுக் கொள்கையின் முன்னணி ஆதரவாளர். அவரது கருத்துகள் பின்னர் நாஜிகளுக்குத் துணையாயின.

ஐரோப்பியரின் மண்டையோட்டில் வலது, இடது பக்கங்களுக்கு இடையே வேறுபாடு அதிகம். அது அவர்களின் உயர்ந்த பகுத்தறிவுக்கு அடையாளம் என்பது ஃபிஷரின் கருதுகோள். அதைச் சோதிக்கும் பணி கார்வேயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐரோப்பியர், ஐரோப்பியர் அல்லாதோர் என 149 மண்டையோடுகளை அவர் அளந்தார். சமச்சீரின்மைக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. வழிகாட்டியின் கருத்துக்கு மாறான அந்த முடிவையே ஆய்வேட்டில் எழுதினார். அயல்நாட்டில், பட்டம் வழங்கும் பேராசிரியரையே மறுத்த இந்திய மாணவி அவர். ஃபிஷர் அவருக்கு மிகக் குறைந்த தரத்தையே அளித்தார் என அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

நாடு திரும்பிய கார்வே, 1939 முதல் புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றினார். உடல் அளவீட்டை அவர் கைவிடவில்லை. மகாராஷ்டிர சமூகங்களின் உறவுகளை ஆராய அதைப் பயன்படுத்தினார். மகாபாரத மாந்தர்களைப் பற்றிய அவரது ‘யுகாந்தா’ நூல் 1968-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. 1970-இல் அவர் காலமானார்.

இன்றும் எழும் கேள்வி

தலைக்குள் இருப்பதை வெளியிலிருந்து படித்துவிடலாம் என்ற ஆசை நவீனக் கருவிகளுடனும் திரும்பி வருகிறது. 2008-இல் புனே அமர்வு நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையும் அதற்கான சான்றுகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. அறிவியலாளர்கள் பலர் அச்சோதனையின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கினர். அப்பெண்ணுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் பின்னர் ஜாமீன் வழங்கியது.

2010-ஆம் ஆண்டு மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி உண்மை கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை போன்றவற்றை நடத்தக் கூடாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூளை அலைச் சோதனையும் கபாலவியலும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது தவறாக இருந்தால், அந்தத் தவறு வெளிப்பட வழி உண்டா? 149 மண்டையோடுகளை அளந்தபோது கார்வே அந்த வழியைத் திறந்தே வைத்திருந்தார்.