ஒரே பென் டிரைவில் பல இயங்குதளங்கள்

இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளங்களுள் ஒன்று டெபியன் லினக்ஸ். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13-ஆம் பதிப்பைப் பழைய 32 பிட் இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் நிறுவ வழியில்லை. அவற்றுக்கு 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பே கதி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பழையதும் புதியதுமாகக் கணிப்பொறிகள் கலந்து இருந்தால், இரு பதிப்புகளும் கையில் வேண்டும். பதிப்புக்கு ஒரு பென் டிரைவ் வாங்கிக் கட்டுப்படியாகுமா?

"இரண்டையும் ஒரே பென் டிரைவில் நகலெடுத்தால் போயிற்று" என்று உங்களுக்குத் தோன்றலாம். செய்து பாருங்கள், கணிப்பொறி அதைச் சட்டையே செய்யாது! ஏன்?

மின்விசையை அழுத்தியதும் விழித்தெழுவது, தாய்ப்பலகையின் சில்லு ஒன்றில் பதிந்துள்ள சிறு நிரல். பழைய கணிப்பொறிகளில் அதன் பெயர் பயாஸ். அது பென் டிரைவின் முதல் 512 பைட்டுகளை மட்டுமே படிக்கும். அவற்றின் கடைசி இரு பைட்டுகளில் 85, 170 என்ற எண்கள் இருந்தால், அங்குள்ள தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். (இவ்விரு எண்களையும் இரும முறையில் எழுதிப் பாருங்கள், ஓர் அழகு தெரியும்.) புதிய கணிப்பொறிகளில் உள்ள யூ.இ.எஃப்.ஐ. சற்றே கெட்டிக்கார நிரல். அது ஃபேட் முறையில் அமைந்த பகுதியில், குறிப்பிட்ட பெயருடைய கோப்பைத் தேடும்.

நாம் இணையத்திலிருந்து இறக்குவதோ ஐ.எஸ்.ஓ. கோப்பு. ஒரு குறுந்தகட்டின் அச்சு அசலான படி என்று அதைச் சொல்லலாம். தொடக்க நிரல் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க பயாஸுக்கும் தெரியாது, யூ.இ.எஃப்.ஐ.க்கும் தெரியாது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்! அந்தப் படியைப் பைட்டு பைட்டாகப் பென் டிரைவ் முழுவதிலும் எழுதினால் வேலை நடக்கும்; ஆனால் ஒன்றுக்குத்தான் இடம்.

ஆகவே நடுவில் ஒரு தரகர் தேவை. 2020-இல் வெளிவந்த வென்டாய் என்னும் இலவச நிரல் அந்த வேலையைச் செய்கிறது. பென் டிரைவை அது இரண்டாகப் பிரிக்கிறது. 32 மெகாபைட் அளவுள்ள சிறு பகுதியில் தன் நிரல்களை வைத்துக்கொண்டு, எஞ்சிய பெரும் பகுதியை நமக்கு விட்டுவிடுகிறது. அந்தப் பெரும் பகுதி வழக்கமாக எக்ஸ்ஃபேட் முறையில் அமைகிறது. பழைய ஃபேட்32 முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யை எட்ட முடியாது. விண்டோஸ் 11-இன் ஐ.எஸ்.ஓ.வோ அதைத் தாண்டிவிடும்.

கணிப்பொறி தொடங்கியதும் வென்டாய் எழுந்து, பெரும் பகுதியிலுள்ள ஐ.எஸ்.ஓ.க்களின் பெயர்களைத் திரையில் பட்டியலிடும். நாம் ஒன்றைத் தேர்ந்தால், அக்கோப்பு பென் டிரைவில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டறிந்து, குறுந்தகடு ஒன்று செருகப்பட்டிருப்பதாகவே கணிப்பொறியை நம்பச் செய்யும். உண்மையில் குறுந்தகடு ஏது!

ஒரு கடும் எச்சரிக்கை. வென்டாயை முதன்முறை நிறுவும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். வேறு பென் டிரைவோ, வெளியே இணைத்த வன்தட்டோ அப்போது செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். தவறானதைத் தேர்ந்துவிட்டால் குடும்பப் புகைப்படங்கள் மொத்தமும் போய்விடக்கூடும். இறக்கிய ஐ.எஸ்.ஓ. பழுதில்லாததா என்பதையும் பாருங்கள். வெளியிடுவோர் அதனுடன் எஸ்.எச்.ஏ.-256 என்ற 64 இலக்கக் குறியீட்டையும் தருவர். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தக் குறியீடு அடையாளம் தெரியாதபடி மாறிவிடும்.

புதிய பதிப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதன் ஐ.எஸ்.ஓ.வைச் சாதாரணக் கோப்பு போல நகலெடுத்து வைத்தால், அடுத்த முறை பட்டியலில் அதன் பெயரும் தோன்றும்.