வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீங்கின்றி வீட்டைத் துப்புரவு செய்தல்

கமக்காரர் இல்லத்தில் மனிதர் மட்டும் வாழ்வதில்லை. திண்ணையில் நாய் படுத்திருக்கும். குசினியில் பூனை எலி பிடிக்கும். முற்றத்துக் கோழிகள் வாயில் கடந்து உள்ளே வரும். இவையாவும் தரையிற் கிடப்பதைத் தின்பவை. நாயும் பூனையும் தம் கால்களையும் உரோமத்தையும் நக்கியே துப்புரவாக்குகின்றன. ஆதலால் நாம் தரையில் ஊற்றும் மருந்து சிறிதளவேனும் அவற்றின் வயிற்றைச் சென்றடையும்.

நீரிற் கலந்ததும் பால்போல் வெளுக்கும் பினைல் வகைகளிற் பலவற்றில் பீனோல் இனப் பொருள்கள் உண்டு. பூனையின் ஈரல் இவற்றை எளிதில் முறித்து வெளியேற்றமாட்டாது. வயலுக்கு வாங்கிய பூச்சிநாசினியிற் சிறிது மீதியானால், அதைக் கரப்பானுக்கும் தெள்ளுக்கும் வீட்டினுள் தெளிப்போரும் உளர். இவ்வழக்கம் பிராணிகளுக்கு மாத்திரமன்றித் தவழும் குழந்தைகளுக்கும் பேராபத்தாகும். வீட்டிலுள்ள எளிய பொருள்களே துப்புரவுக்குப் போதுமானவை.

பாத்திரங்கள்

ஆறிய விறகுச் சாம்பலைச் சலித்தெடுத்து, தேங்காய்த் தும்பினால் தேய்க்கவும். சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும். உமிச்சாம்பலிற் சிலிக்கா மிகுதியாக இருப்பதால் அடிப்பிடித்த கரி எளிதிற் கழரும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்குமாதலின் அதற்குச் சவர்க்காரமே ஏற்றது. பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்குப் பழம்புளி சிறந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடாக வருவது. அதனாற் கேத்தலின் உட்புறத்தில் வெண்படை படியும். ஒரு தேசிக்காயின் சாற்றை நீரிற் கலந்து கேத்தலிற் கொதிக்கவைத்து, ஆறியபின் கழுவினால் அப்படை கரைந்துவிடும்.

தரை

இரண்டு மேசைக்கரண்டி சீவிய சவர்க்காரத்தைச் சுடுநீரிற் கரைத்து, ஒரு வாளி நீருடன் சேர்த்துத் தரையைத் துடைக்கவும். பின்னர் வெறும் நீரால் மீண்டும் துடைத்து, தரை உலரும்வரை பிராணிகளை வெளியே வைத்திருக்கவும். சிறுநீர் நாற்றமுள்ள இடத்தைக் கழுவி உலர்த்தியபின், அப்பச்சோடாவை மெல்லியதாகத் தூவி, அரைமணி நேரத்தின்பின் முற்றாகக் கூட்டி அள்ளவும்.

தெள்ளு

தெள்ளின் முட்டைகள் பிராணியின் உடலிலிருந்து உதிர்ந்து, தரை வெடிப்புகளிலும் தூசியிலும் பொரிக்கின்றன. ஆகவே வெடிப்புகளை நாள்தோறும் நன்றாகக் கூட்டி, அக்குப்பையை எரித்துவிடவேண்டும். நாய் படுக்கும் சாக்கைக் கிழமைக்கு ஒருமுறை சவர்க்காரமிட்டுச் சுடுநீரில் தோய்த்துக் கடும் வெயிலில் உலர்த்தவும்.

கவனிக்கவேண்டியவை

1. இயற்கைப் பொருள் என்பதனால் எதுவும் தீங்கற்றதாகிவிடாது. தேசிக்காய்த் தோலின் எண்ணெய், சித்திரனெல்லா எண்ணெய் போன்றவை பூனைக்கு ஒவ்வாதவை. பூச்சியுருண்டைகளை நாய், பூனை தின்றால் நஞ்சாகும்.

2. அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்தால் நுரை எழும்; ஆனால் ஒன்றின் சக்தியை மற்றொன்று அழித்துவிடும். இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துக.

3. வெளிற்றும் தூளுடன் தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். சிறுநீர் தேங்கிய மாட்டுக்கொட்டிலில் அத்தூளை இடுவதும் நச்சு வாயுவை உண்டாக்கும்.

4. பூச்சிநாசினிப் போத்தல்களை எவ்வளவு கழுவினாலும் சவர்க்கார நீரோ வேறெதுவோ வைப்பதற்குப் பயன்படுத்தலாகாது. வெறுமையான போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு ஒதுக்குக.

பிராணி வாயில் நீர் வடித்து, நடுங்கி, தள்ளாடுமாயின், அது நக்கிய பொருளின் போத்தலையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி மிருக வைத்தியரிடஞ் செல்லவேண்டும். கைவைத்தியமாக உப்பு நீர் பருக்குதல் நிலைமையை மேலும் மோசமாக்கும்.

சாம்பலும் புளியும் தேசிக்காயும் பெரும்பாலும் வளவிலேயே கிடைப்பவை. சவர்க்காரத்துக்கும் அப்பச்சோடாவுக்கும் ஆகுஞ் செலவு சொற்பமே. பூச்சிநாசினியை வயலோடு நிறுத்தி, வீட்டை இவற்றாற் பேணுவோமாக.